தரங்கம்பாடியில் பிறந்த சீமாட்டி: ஒரு பிரெஞ்சுத் தைலச் சித்திரத்தின் சாட்சியம்

கேள்வி

நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில், நீள்வட்ட வடிவில், ஏறக்குறைய மூன்றடி உயரமும் இரண்டரையடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையதாக அமைந்த ஓர் இளம்பெண்ணின் தைலவர்ணச் சித்திரம் இருக்கிறது. எட்வர்ட் ஹார்க்னஸ் என்னும் செல்வரின் 1940-ஆம் ஆண்டு மரணசாஸனத்தின் வழியாக அந்தக் கூடத்தைச் சேர்ந்த இச்சித்திரத்தை 1783-இல் வரைந்தவர், பிரெஞ்சு ராணி மரீ அந்த்வானெத்தின் அபிமானத்துக்குப் பாத்திரமான எலிசபெத் விஜே லெ பிரன் அம்மையார். படத்தில் இருப்பவரோ, மதாம் கிராண்ட் என்ற பெயரால் அக்காலத்துப் பாரிஸில் அறியப்பட்டவரும், நெப்போலியனுடைய அயல்நாட்டு மந்திரியான டாலிராண்டுக்கு முதலில் ஆசைநாயகியாகவும் பின்னர் மனைவியாகவும் வாழ்ந்து, பெனவெந்தோ இளவரசி என்ற பட்டத்தை எய்தியவருமான காதரின் வெர்லே. அவர் பிறந்த ஊர் சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி.

பிரெஞ்சு மன்னர்களின், பிரபுக்களின் ஆசைநாயகிகளைக் காட்டும் சித்திரங்கள் என்றொரு வரிசையைக் கலைச் சரித்திரக்காரர்கள் நெடுநாளாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். பதினைந்தாம் லூயி மன்னனின் நாயகியரான பொம்பதூர் சீமாட்டியும் து பாரி சீமாட்டியும் அவ்வரிசையின் தலைமையிடத்தில் இருக்க, மந்திரி ஒருவரின் நாயகி என்ற முறையில் மதாம் கிராண்டின் படமும் அதன் கடைக்கோடியில் வைத்து எண்ணப்படுகிறது. மேல்நோக்கிய அந்த விழிகளிலே சாகஸத்தையும், சற்றே பிரிந்த இதழ்களிலே சரஸத்தையும், முகத்தின் மிருதுவிலே அறிவின்மையையும் கண்டு சொன்னவர்கள் பலர். அந்த வாசிப்புக்குச் சித்திரத்திலேயே ஆதாரம் உண்டா, அல்லது பிற்காலத்து வம்புப் பேச்சைப் பின்னோக்கிக் கொண்டுபோய்ச் சித்திரத்தின்மேல் ஏற்றியிருக்கிறார்களா என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

நாயகியர் படங்களின் மரபு

அரசனுடைய நாயகி தன்னைச் சித்திரத்தில் எழுதுவித்துக்கொள்வது வெறும் அலங்கார ஆசையால் நிகழ்ந்ததன்று. பட்டத்து ராணிக்குப் பிறப்பும் விவாகமும் அளித்த ஸ்தானத்தை, நாயகியானவள் நாள்தோறும் தன் முயற்சியால் நிலைநாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த முயற்சிக்குச் சித்திரக்காரனின் தூரிகை பெருந்துணையாயிற்று. 1756-இல் பூஷே எழுதிய பொம்பதூர் சீமாட்டியின் படம் இன்று மியூனிக் நகரத்தில் இருக்கிறது. அதில் சீமாட்டியின் கையிலே புத்தகம், பின்புறத்திலே புத்தக அலமாரி, பக்கத்திலே சிறு மேஜை, அதன் இழுப்பறையிலே இறகுப் பேனா ஆகியன காணப்படுகின்றன. அரசனின் சுகபோகத் துணைவி என்ற பெயரை மறைத்து, வித்தையின் போஷகி என்ற பெயரை நிறுவும் நோக்கம் அப்படத்தில் வெளிப்படையாகவே தெரிகிறது.

து பாரி சீமாட்டியின் படங்களோ வேறொரு சங்கதியைச் சொல்கின்றன. 1774-இல் அரசன் இறந்தபின் அரண்மனையை விட்டு அகற்றப்பட்டு, பிறகு லூவ்சியென் மாளிகையில் வாழ்ந்த அச்சீமாட்டியை விஜே லெ பிரன் அம்மையார் 1781-ஆம் ஆண்டு முதல் மூன்று முறை வரைந்தார். முதற்படத்தில் வைக்கோல் தொப்பியும் வெண்ணிறப் பருத்தி அங்கியுமே ஆடை. கோடையாயினும் குளிர்காலமாயினும் அச்சீமாட்டி மஸ்லினையும் மெல்லிய பருத்தித் துணியையுமே விரும்பி அணிந்தார் என்று ஓவியர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அத்தகைய துணியின் மோகம் ஐரோப்பாவில் பரவியதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்களே காரணம் என்பதும், வங்காளத்துத் தறிகளும் சோழமண்டலத்துத் தறிகளும் அம்மோகத்துக்கு நூற்றாண்டுக்கு மேலாகச் சரக்கு அளித்தன என்பதும் வாசகர் அறிந்தவையே. அம்மாளிகையில் வளர்ந்த ஸமோர் என்ற பணிப்பையனும் கிழக்கிலிருந்து, சிட்டகாங் பிரதேசத்திலிருந்து, கொண்டுபோகப்பட்டவன். அவனே பிறகு புரட்சிக் காலத்து நீதிமன்றத்தில் தன் எஜமானிக்கு எதிராகச் சாட்சி சொன்னான். 1793 டிசம்பர் 8-ஆம் தேதி அச்சீமாட்டியின் தலை கில்லட்டினில் வீழ்ந்தது.

இவ்விரண்டு உதாரணங்களையும் ஒப்புநோக்கும்போது ஒன்று புலப்படும். நாயகிக்கென்று தனியானதொரு சித்திரலக்ஷணம் இல்லை. புத்தகமும் மலரும் மெல்லாடையும் குடும்பப் பெண்களின் படங்களிலும் வருகின்றன, ராணியின் படங்களிலும் வருகின்றன. படத்தில் இருப்பவள் நாயகி என்ற செய்தியை நாம் வெளியிலிருந்து அறிந்துகொண்டு, அதன் பிறகே படத்தினுள் தேடிக் கண்டுபிடிக்கிறோம்.

தரங்கம்பாடி முதல் பாரிஸ் வரை

காதரினின் தந்தையார் வங்காளத்துச் சந்திரநாகூரில் பிரெஞ்சு அரசாங்கத்தின் உத்தியோகத்தில் இருந்தவர். சந்திரநாகூர் 1757-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. புதுச்சேரி 1761 ஜனவரியில் சரணடைந்து, கோட்டையும் நகரமும் இடிக்கப்பட்டன. காதரின் பிறந்த ஆண்டை நூல்கள் 1761 என்றும் 1762 என்றும் மாறுபடக் கூறுகின்றன. எதை ஏற்றாலும், பிரெஞ்சுக்காரருக்கு இந்நாட்டில் நிற்க நிழலில்லாதிருந்த காலம் அது. ஏழாண்டுப் போரில் எப்பக்கமும் சேராதிருந்த டேனிஷ்காரரின் கொடி பறந்த தரங்கம்பாடியிலே ஒரு பிரெஞ்சு உத்தியோகஸ்தரின் மகள் பிறந்ததற்கு இந்த யுத்தமே காரணமாயிருக்க வேண்டும் என்பது என் அனுமானம். ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியை முடித்துக் கண் மூடிய வருஷமும் அந்த 1761 என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பதினாறு வயது நிரம்புமுன்பே, 1777 ஜூலையில், சந்திரநாகூரில் ஜார்ஜ் பிரான்சிஸ் கிராண்ட் என்பவருக்கு அவர் மணம் செய்விக்கப்பட்டார். கிராண்ட் என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு வமிசத்தவர். அடுத்த ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, கணவர் வெளியே விருந்துக்குப் போயிருந்த நேரத்தில், கல்கத்தாவிலுள்ள அவருடைய வீட்டு மதிலிலே ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருக்கக் கண்ட ஊழியர்கள் விழித்துக்கொண்டார்கள். வீட்டினுள்ளிருந்து வெளிப்பட்ட ஒரு துரையையும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் அகப்பட்டவர், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் பரம வைரியும் சுப்ரீம் கவுன்ஸில் அங்கத்தினருமாகிய பிலிப் பிரான்சிஸ். அவருடைய நண்பர்கள் உதவிக்கு ஓடிவர, கூச்சலிலும் குழப்பத்திலும் பிரான்சிஸ் தப்பிவிட்டார்.

கிராண்ட் வழக்குத் தொடுத்தார். சர் எலைஜா இம்பி தலைமையில் அமர்ந்த சுப்ரீம் கோர்ட்டு, நீதிபதி சேம்பர்ஸ் மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்தும், 1779 மார்ச்சில் பிரான்சிஸ் 50,000 சிக்கா ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வழக்கின் அமைப்பை வாசகர் கவனிக்க வேண்டும். கணவனின் உடைமை உரிமைக்குச் செய்த பங்கத்துக்காக ஓர் ஆடவன் மற்றோர் ஆடவன்மீது தொடுத்த வழக்கு அது; மனைவியானவள் அதில் வாதியுமல்லள், பிரதிவாதியுமல்லள். ஏணியைப் பற்றி ஜமேதார் சாட்சி சொன்னான். அந்தப்புரச் செய்திகளை ஆயா சாட்சி சொன்னாள். ரூபாய் கணவருக்குச் சேர்ந்தது. பதினேழு வயது நங்கை என்ன நினைத்தார், என்ன விரும்பினார் என்பதைக் கேட்கவேண்டிய அவசியம் அந்த நியாயஸ்தலத்துக்கு உண்டாகவில்லை.

அதன்பின் சில காலம் பிரான்சிஸின் ஆதரவில் இருந்துவிட்டு, 1780-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அவ்வாண்டுதான் ஹைதர் அலி கர்நாடகத்தின்மேல் பாய்ந்ததும், பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்ததும், கல்கத்தாவிலே ஹேஸ்டிங்ஸும் பிரான்சிஸும் கைத்துப்பாக்கி எடுத்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதும். மூன்றாண்டுகள் கழித்துப் பாரிஸில் விஜே லெ பிரன் அம்மையாரின் முன்னிலையில் காதரின் அமர்ந்திருக்கக் காண்கிறோம்.

சாட்சிகளின் தராதரம்

காதரினைப் பற்றி நமக்குக் கிடைக்கும் வாய்மொழிகளை எடைபோட்டுப் பார்த்தால், அவற்றுள் அவருக்கு நண்பராயிருந்தவரின் குரல் மிக அரிது. முதற்கணவர் கிராண்ட் தம் சுயசரிதத்தை 1814-இல் நன்னம்பிக்கை முனையில் அச்சிட்டார். சம்பவம் நிகழ்ந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அதுவும் தம் முன்னாள் மனைவியின் செல்வாக்கால் அந்த முனையில் உத்தியோகம் பெற்றுப் போன ஒருவர் எழுதிய நூல் அது. இரவு நிகழ்ச்சிகளை நாடகத்தன்மையோடு வருணிப்பதிலே அவர் காட்டும் உற்சாகத்தை முழுச் சத்தியமாகக் கொள்ள இயலாது. 1882-இல் பஸ்டீட் எழுதிய கல்கத்தாச் சரித்திர நூலே இக்கதையை ஆங்கிலம் படித்த இந்தியருக்குப் பிரபலப்படுத்தியது. அவர் கோர்ட்டு ஆதாரங்களைச் சிரமப்பட்டுச் சேகரித்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் டாலிராண்டின் மனைவியானவள் என்ற முடிவை மனத்தில் வைத்துக்கொண்டே கதையின் தொடக்கத்தை எழுதினார்.

பாரிஸ்காரர்களின் குறிப்புகள் இன்னும் கடுமையானவை. ஜோஸபீன் ராணியின் தோழியான ரெமுஸா சீமாட்டியின் நினைவுக் குறிப்புகள் காதரினின் குரலையும் குணத்தையும் இழித்துரைக்கின்றன. எகிப்துக்குப் போய்வந்த தெனோன் என்ற அறிஞர் விருந்துக்கு வந்தபோது, ராபின்சன் குரூசோவின் கதையை அவருடைய பிரயாண நூலென்று எண்ணிப் படித்துவிட்டு, அவரிடம் அந்தத் தீவின் சேவகனைப் பற்றி விசாரித்தார் காதரின் என்ற ஹாஸ்யக் கதை ஐரோப்பா முழுவதும் சுற்றியது. விருந்தாளியின் பெயர் மட்டும் சொல்வோருக்கு ஏற்றபடி மாறுகிறது. நம் தனிப்பாடல்களில் ஒரே பாட்டு இன்று காளமேகத்தின் தலையிலும் நாளை வேறொரு புலவர் தலையிலும் ஏறுவதை அறிந்தவர்கள் இதன் பிரமாண பலத்தைத் தாமே தீர்மானித்துக்கொள்வார்கள். புதுச்சேரியில் பிறந்த மற்றொரு பிரெஞ்சு மாது, டூப்ளேயின் மனைவியாராகிய ழான் அம்மையாரை, ஆனந்தரங்கப் பிள்ளையின் கோபத்தின் வழியாகவே தமிழர் அறிந்திருக்கிறோம். பிள்ளையவர்களின் தினசரி எவ்வளவு உயர்ந்த ஆவணமாயினும், அவருக்கு அவ்வம்மையாரிடம் இருந்த பகைமையைக் கழித்துப் பார்க்கவே சரித்திரக்காரர் பழகியிருக்கிறார்கள். காதரின் விஷயத்தில் அந்தக் கழித்தல் இன்னும் நிகழவில்லை.

டாலிராண்டின் கடிதமொன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1798-இல் காதரின் ஒற்றர் என்ற சந்தேகத்தில் கைதானபோது, ஆட்சிக்குழுவைச் சேர்ந்த பராஸுக்கு அவர் எழுதினார்: இவள் ஓர் இந்தியப் பெண், பேரழகி, சோம்பேறி, அரசியல் சூழ்ச்சிக்குச் சற்றும் தகுதியில்லாதவள் என்பது அதன் சாரம். இதைக் காதரினின் மூடத்தனத்துக்கு அத்தாட்சியாகக் கொள்வோர், கடிதம் எழுதப்பட்ட நோக்கத்தை மறந்துவிடுகிறார்கள். காவலிலிருந்து ஒருத்தியை விடுவிக்க விரும்பும் ராஜதந்திரி, அவளுக்கு அறிவு நிரம்ப உண்டென்றா எழுதுவான்? தரங்கம்பாடியிற் பிறந்தவர் என்ற ஒரு செய்தியை எடுத்து, கீழ்நாட்டுப் பெண் சோம்பேறி என்ற ஐரோப்பிய மூடநம்பிக்கையோடு முடிந்து, அதையே அவர் விடுதலைச் சீட்டாகப் பயன்படுத்தினார். அந்த வேலை பலித்தது, பழியும் நிலைத்தது.

இத்தனை சாட்சிகளுக்கும் நடுவே, 1783-ஆம் ஆண்டின் சித்திரம் ஒன்றுதான் டாலிராண்டை அறியாத சாட்சி. அவ்வாண்டில் அவர் இருபத்தொன்பது வயதான பாதிரி. காதரினின் வாழ்க்கையில் அவர் புகுவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இருந்தன.

படமே என்ன சொல்கிறது

சாய்விருக்கையில் அமர்ந்த உருவம். தலைமயிர் அக்கால வழக்கப்படி பொடி தூவி, சுருள் சுருளாக விரிந்து, நாடாவால் பிணிக்கப்பட்டிருக்கிறது. பளபளக்கும் பட்டாடையின் மார்புப் புறத்தே பெரிய நாடா முடிச்சுகள் நீலச் சாயலோடு விளங்குகின்றன. பட்டின் மடிப்புகளில் வெளிச்சம் தங்கி வழியும் இடங்களை ஓவியர் விசேஷச் சிரத்தையோடு தீட்டியிருக்கிறார். கையில் சங்கீத ஸ்வரத்தாள். கண்கள் நம்மைப் பார்க்காமல் மேலே, சட்டத்துக்கு வெளியே எங்கோ ஒலிக்கும் ஒன்றைச் செவிமடுப்பவை போல உயர்ந்திருக்கின்றன.

இந்த மேல்நோக்கிய பார்வையைத்தான் சரஸம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் அதன் பூர்வீகம் சமயச் சித்திரத்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் குயிதோ ரேனி புனிதவதிகளை இவ்வாறே விண்ணோக்கிய விழியோடு எழுதினார். பிரான்சில் கிரூஸ் என்பவர் அதே பார்வையைச் சாதாரண யுவதிகளின் முகத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தார். கிரூஸின் சித்திரங்களைச் சிறு வயதிலேயே பிரதி செய்து பயின்ற விஜே லெ பிரன் அம்மையார் அதைக் கற்றுக்கொண்டார். ஆகவே அக்கண்கள் மதாம் கிராண்டின் நடத்தையைச் சொல்வதைவிட ஓவியரின் குருபரம்பரையையே அதிகமாகச் சொல்கின்றன. கையிலுள்ள ஸ்வரத்தாளும், பொம்பதூர் சீமாட்டியின் புத்தகத்தைப் போலவே, வித்தையுடையவள் என்று கூறிக்கொள்ளும் ஒரு பிரகடனம்.

ஆடையைப் பற்றி ஒரு வார்த்தை. 1783 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய பாரிஸ் சலோன் கண்காட்சியிலே இப்படம் வைக்கப்பட்டது. ராஜாங்கச் சித்திர ஸபையில் அதே வருஷம் மே மாதத்தில்தான் விஜே லெ பிரன் அம்மையார் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டிருந்தார். அவருக்கு இதுவே முதல் சலோன். அதே கண்காட்சியில் அவர் வைத்த ராணி மரீ அந்த்வானெத்தின் படம், மெல்லிய வெண் மஸ்லின் அங்கியோடு ராணியைக் காட்டியதால், உள்ளாடையோடு ராணியை நிறுத்திவிட்டார் என்ற கூக்குரல் எழுந்தது. பிரெஞ்சுப் பட்டை விட்டு அயல்நாட்டுப் பருத்தியை ராணி அணிவதா என்ற ஆட்சேபமும் சேர்ந்துகொள்ள, அப்படம் அகற்றப்பட்டு, பட்டாடை அணிந்து ரோஜா ஏந்திய வேறொரு படம் அங்கே வந்தது. இந்தியாவைக் கண்ணாலும் காணாத பிரெஞ்சு ராணி கிழக்கத்திய மெல்லாடையோடு நின்று பழி சுமந்தாள். சோழமண்டலக் கரையில் பிறந்து கங்கைக் கரையில் வளர்ந்த காதரினோ, பிரெஞ்சுப் பட்டில் தம்மை முற்றிலும் மூடிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். சால்வையில்லை, கீழ்நாட்டு ஆபரணமில்லை, பக்கத்திலே ஒரு கறுத்த பணியாளுமில்லை. கல்கத்தாவையும் ஏணியையும் நீதிமன்றத்தையும் துடைத்துவிட்டு, வேறெவரையும் போன்ற ஒரு பாரிஸ் மாது என்று காட்டிக்கொள்வதே இப்படத்தின் பிரயோஜனம் என்று நான் கருதுகிறேன். நாயகி என்ற கீர்த்தியை நாடியவர் செய்யும் காரியமன்று அது.

இதற்கு ஓர் ஆட்சேபம் கூறலாம். புகழ்பெற்ற ஓவியரின் ஊதியத்தைத் தனித்து வாழும் இளம்பெண் எப்படிக் கொடுத்திருப்பாள், பின்னால் ஓர் ஆதரவாளர் இருந்திருக்க வேண்டாமா என்று. இருந்திருக்கலாம், காதரினின் பாரிஸ் வாழ்க்கையில் செல்வந்தரான ஆதரவாளர்கள் இல்லாமலில்லை. ஆயினும், படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வி வேறு, படம் எதைக் காட்டுகிறது என்ற கேள்வி வேறு. முதலாவதன் விடையை இரண்டாவதற்கு விடையாக எழுதிவைப்பதுதான் இதுவரை நேர்ந்த பிழை.

மைசூர்த் தூதரின் படம்

தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து இதை எழுதுகிறவனுக்கு, அதே தூரிகை எழுதிய மற்றொரு படத்தைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பூதிக்கோட்டையிற் பிறந்த ஹைதர் அலியின் மைந்தர் திப்பு சுல்தான், பதினாறாம் லூயியின் துணையை வேண்டி மூன்று தூதர்களைப் பிரான்சுக்கு அனுப்பினார். 1787-இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, மறுவருஷம் ஆகஸ்டு மாதத்தில் வெர்சேல்ஸில் மன்னனைப் பேட்டி கண்ட அவர்களுள், முகம்மது தர்வேஷ் கான் என்பவரை விஜே லெ பிரன் அம்மையார் முழு உருவமாக எழுதினார். கையிலே வாள், உடலிலே பூவேலை செய்த வெண் மஸ்லின் அங்கி, முகத்திலே அஞ்சாமை. எழுதி முடித்த படத்தைத் தூதர் தம் அறையிலே ஒளித்துவைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தாரென்றும், அதை மீட்பதற்குத் தாம் பட்டபாடு பெரிதென்றும் ஓவியர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். அப்படம் 2019 ஜனவரியில் நியூயார்க்கில் எழுபது லக்ஷம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. முற்காலத்துப் பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்திராத விலை அது.

ஐந்தாண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், என் வாதம் மேலும் உறுதிபெறுகிறது. இந்தியாவைக் காட்டவேண்டுமென்று விரும்பியபோது அதை முழு ஆடம்பரத்தோடும் காட்டும் ஆற்றல் அத்தூரிகைக்கு இருந்தது. காதரினின் படத்தில் அது காணப்படவில்லையென்றால், வேண்டாமென்று விலக்கப்பட்டிருக்கிறது. விலக்கியவர் ஓவியரா, அமர்ந்தவரா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். தம் கடந்தகாலத்தை மறைக்க அதிகக் காரணம் உடையவர் அமர்ந்தவரே.

தீர்ப்பு

1802 செப்டம்பரில், நெப்போலியனின் நிர்ப்பந்தத்தால், டாலிராண்ட் காதரினை மணந்தார். 1806-இல் அவர் இளவரசியானார். 1815-ஐ ஒட்டி இருவரும் பிரிந்தனர். ஜெரார் என்ற ஓவியர் மந்திரியின் மனைவியாக அவரை எழுதிய படமும் அதே நியூயார்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு செல்வாக்குள்ள ஆடவனின் துணைவி என்ற முறையில் அவரைப் பார்க்க விரும்புவோர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். 1783-ஆம் ஆண்டின் சித்திரத்தை நாயகியர் வரிசையிலிருந்து நீக்கி, ஒரு பெண் ஓவியரின் முதற் சலோன் வெற்றிகளுள் ஒன்றாகவும், குடியேற்ற நாட்டில் பிறந்த ஓர் இளம்பெண் தலைநகரத்தில் புதுப்பிறவி எடுக்கச் செய்த பிரயத்தனமாகவும் வைத்து எண்ணுவதே நியாயம்.

தரங்கம்பாடியின் சரித்திரத்தை எழுதும் தமிழ் நூல்கள், 1620-இல் எழுந்த டான்ஸ்பர்க் கோட்டையையும், 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கையும், 1845-இல் ஆங்கிலேயருக்கு நடந்த விற்பனையையும் தவறாமல் கூறுகின்றன. அவ்வூரிற் பிறந்து உலகக் கலைக்கூடம் ஒன்றில் இடம்பெற்ற இவ்வம்மையாரையும் அந்நூலாசிரியர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்; சேர்க்கும்போது, டாலிராண்டின் மனைவி என்று தொடங்காமல், காதரின் வெர்லே என்ற பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.